எலும்பின் மேல்

வண்டி லாரியில் வந்தது.
கோவிலூர் வேகத்தடையில் வயிறு தட்டும் என்று
நாலு பேர் சொன்னதால் ஓட்டிவராமல்
தூக்கிவந்தார்கள், மாப்பிள்ளையைப் போல.
செக்காலை ரோட்டில் பள்ளிக்கூடம் விட்ட நேரம்.
இறக்கி முடிப்பதற்குள் அதன் மஞ்சள் மேல்
முப்பது கைரேகை.

கதவு மேல்நோக்கித் திறக்கிறது.
என் கடையின் தகரக் கூரை இதை எதிர்பார்க்கவில்லை.
இர்ஃபானும் நானும் வெளியே தள்ளி, மறுபடி திறந்து
உள்ளே குனிந்தால்
முந்தைய முதலாளியின் சென்ட் வாசம், கறுப்புத் தோல்,
தொடையிடுக்கில் வரும் இடத்தில்
ஒரு சிகரெட் ஓட்டை.

ஆத்தங்குடிக் கல் டிசைனில் சீட் கேட்பார் என்று
நானாக நினைத்து நோட்டில் வரைந்து வைத்திருந்தேன்.
தெய்வானை ஆச்சி நோட்டை மூடினார்.
"தரையை எதுக்கப்பா உக்கார்ற இடத்துல போடுற?"
அவருக்கு வேண்டியது
உள்ளே முழுக்கச் சிவப்புக் கொய்யாவின் உள்நிறம்,
வற்றல் மிளகாய் நிறத்தில் பெல்ட்.
அப்புறம் அந்த பெல்ட் நெஞ்சில் படக்கூடாது.

நெஞ்சில் படாவிட்டால்
அது அரைஞாண், ஆச்சி, என்றேன்.
சிரிக்கவில்லை. கழுத்தடியில் சேலையை
இரண்டு விரல் தாழ்த்தினார்.
கீழே இறங்கும் ஒரு தையல்
தொடங்கும் இடம் மட்டும் தெரிந்தது.
"மதுரையில போட்டது, பிப்ரவரியில.
உன் கைன்னா இன்னும் நேரா வந்திருக்கும்.
பெல்ட்டைக் கொஞ்சம் வெட்டி
இறக்கித் தைச்சுடு, சவேரி."

பதில் சொல்லாமல்
கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன்
பள்ளத்தூர்க்காரர் ஒருவர், பருத்த உடம்பு,
பெல்ட் எட்டவில்லை என்றார்.
வெட்டினேன். ஒரு சாண் ஒட்டுப் போட்டேன்.
பன்னிரண்டு வரிசை, தடித்த நூல்.
இழுத்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.
ஊசி போன ஒவ்வோர் இடமும் ஓட்டை என்பது
தூக்கம் வராத ஓர் இரவில்
தானாகப் புரிந்தது.
விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அவர் நலம்.
வண்டியைத்தான் விற்றிருந்தார்.
ஈரோட்டுத் தரகர் வாங்கினாராம், அதற்குமேல் தெரியாது.
வெள்ளை நிறம்.
இந்த நாட்டில் வெள்ளைக் கார்
எத்தனை இருக்கும்.

ஆகவே பெல்ட்டில் ஊசி வைக்கமாட்டேன், ஆச்சி.
நிறம்தான் வேண்டுமென்றால்
கம்பெனியில் நெய்து, சோதித்து, முத்திரையோடு வரட்டும்.
மாசமாகும், காசாகும்.
வந்தாலும் அது தோளெலும்பில் ஏறி
நெஞ்செலும்பைக் கடந்து
இடுப்பெலும்பில்தான் போய் அமரும்.
சதை தாங்காது.
உங்கள் நெஞ்செலும்பைக்
கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்,
கூடிவிட்டதா என்று டாக்டர் எழுதித் தரட்டும்.

கோபித்துக்கொண்டு போனார்.
மூன்றாம் நாள் டிரைவர் ஒரு சீட்டு கொண்டுவந்தார்:
இன்னும் ஆறு வாரம் ஓட்டக்கூடாது.
அடியில் ஆச்சியின் கையெழுத்து:
'சந்தோஷமா?'

ஆறு வாரமும் வேலை இருந்தது.
அந்த சீட் ஆறடி ஆணுக்கு வெட்டியது.
ஐந்தடிப் பெண் உட்கார்ந்தால்
பெல்ட் கழுத்தை அறுக்கும்.
அடியிலுள்ள சென்சார் ஒயரைத் தொடாமல்
கெட்டி ஃபோமில் இரண்டு விரற்கடை உயர்த்தினேன்.
அவரை வரச்சொல்லி உட்காரவைத்து
அரை விரற்கடை குறைத்தேன்.
கொய்யா நிறத் தோலில் சுருக்கம் வராமல்
மூலை திருப்ப மூன்று நாள்.

சிவப்பு பெல்ட் வந்து பூட்டியதும்
வெடுக்கென்று இழுக்கச் சொன்னேன்.
டக்.
நின்றது.
"வலிக்குதா ஆச்சி?"
"வலின்னு இல்லை. இருக்குன்னு தெரியுது."

கதவு இறங்கியது.
செக்காலை ரோடே ஒதுங்கி வழிவிட்டது.
முதல் வேகத்தடையில்
ஒரு கிழவன் வெற்றிலையை மெல்வது போல
மெதுவாக ஏறி இறங்கியது
இருநூறு மைல் போகிற வண்டி.
பையன்கள் கைதட்டினார்கள்.

அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கார் போனது.
நான் வழக்கம்போல
ஓட்டுகிறவரின் தோளைப் பார்த்தேன்.