போய் வந்த படம்

உபியில் ஆறாம் மாடி.
ஏர்கான் சொட்டும் நீர் வாளியில் நிறைகிறது.
அதை ஊற்றுவது யார் முறை என்பதில்
எனக்கும் குவெக்குக்கும் மூன்று வாரமாய்ப் பேச்சில்லை.
திரையில் மாதங்கியின் கல்யாணம்:
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரா கோப்புகள்
பச்சரிசி போல வெளிறிக் கிடக்கின்றன.

இந்த மென்பொருளில் வெளிச்சம் என் சொல் கேட்கும்.
நிழலைத் தூக்கலாம், பட்டின் அரக்கை அடக்கலாம்,
கோப்பை மட்டும் தொட முடியாது.
நான் செய்வதெல்லாம் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பில்
குறிப்பாக ஏறும்:
இங்கே கொஞ்சம் வெயில் என்று வைத்துக்கொள்.
படம் அப்படியே இருக்கும்,
யார் என்ன சொன்னாலும் முகம் மாறாத அத்தை மாதிரி.

நாதஸ்வரத்தின் மேல் விழுந்த மைக் கம்பியை எடுக்க,
மாப்பிள்ளையின் சட்டைக் கசங்கலை நீவ,
அந்த இன்னொரு மென்பொருளுக்குப் போயாக வேண்டும்.
அனுப்பு என்று அழுத்தினால்
அசல் போவதில்லை.
ஒரு நகல் பிறந்து, அது போகிறது.
டிஃப், பதினாறு பிட், அசலைவிட நான்கு மடங்கு எடை,
பெயரின் வாலில் 'திருத்தியது' என்று ஒரு முத்திரை.

எனக்கு இது புரியும்.
விடிகாலை நாலரைக்கு ஜொகூரில் ஒருவன்
பாயில் புரண்டு படுக்கிறான்.
ஹெல்மெட் மாட்டிய அவன் நகல்
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கட்டைவிரலை அழுத்திவிட்டு
இங்கே வருகிறது.
இரவு திரும்பும்போது கொஞ்சம் கனத்திருக்கும்,
மழைக்கோட்டின் ஈரத்தையும் சேர்த்து.

எல்லையில் நிறம் ஏதாவது பறிபோகும்.
போன மாதம் ஒரு கூறைச்சேலை
அரக்காய்ப் போய்ச் செங்கல்லாய்த் திரும்பியது.
இரண்டு பக்கமும் வேறு வேறு வண்ணவெளி.
கேட்ட கேள்வியைப் படிக்காமல்
சரி என்று அழுத்தியிருந்தேன்.
குவெக் ஒன்றும் சொல்லவில்லை.
செங்கல் நிறத்தில் ஒரு கோப்பிக் குவளை வாங்கி
என் மேசையில் வைத்தார்.

மரினா அணைக்கட்டின் புல்மேட்டில் எடுத்த படம்.
லென்ஸ் மாற்றியபோது உள்ளே போன தூசி
வானத்தில் கரும்புள்ளிகள்.
அங்கே அனுப்பினேன், துடைத்தேன்,
அடுக்குகளை ஒன்றாய் அழுத்திச் சேமித்தேன்.
இனி பின்னால் போக வழியில்லாத சேமிப்பு.

செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் மாதங்கி:
'அண்ணா, எங்க தலைக்கு மேல கருடன் வந்துச்சே,
அப்பா கன்னத்துல போட்டுக்கிட்டாரே,
அது எங்க?'

அப்பா இருக்கிறார்.
நிமிர்ந்த கழுத்து, இரு கன்னத்திலும் விரல்கள்,
கண்கள் மேலே,
சலவைத்துணி மாதிரிச் சுத்தமான ஒன்றுமின்மையை
வணங்கிக்கொண்டு.

தூசி மூன்று.
நான் துடைத்தது நான்கு.

ரா கோப்பைத் திறந்து முந்நூறு சதவீதம் பெரிதாக்க,
நான்காம் புள்ளிக்கு இறக்கை இருந்தது.
அதே குறிப்புகளோடு அசலை மறுபடி அனுப்பினேன்.
திருத்தியது-2.
துடைத்த படத்தின் மேல் அதைப் போர்த்தி
மாஸ்க்கில் கடுகளவு ஓட்டை போட்டேன்.
பருந்து வந்தது,
தன் சொந்த வானத்தில் ஒரு துண்டைக்
காலில் பிடித்துக்கொண்டு.
விளிம்பைக் கரைக்க அரை மணி ஆனது.

பின்னால் வந்து நின்ற குவெக்
'பேர்டா?' என்றார்.
மூன்று வாரத்தில் முதல் சொல்.
தலையாட்டினேன்.
வாளி வழிந்துகொண்டிருந்தது.

மாதங்கியின் பதில் உடனே வந்தது.
மூன்று இதயம், ஒரு கும்பிடு, அப்புறம்,
'ஆனா இன்னும் கொஞ்சம் இடப்பக்கமா பறந்துச்சே, அண்ணா.
எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.'

மறுபடி ரா கோப்பைப் பார்த்தேன்.
இல்லை. இதே இடம்தான்.

அடுக்கை இன்னும் ஒன்றாக்கவில்லை.
இடது அம்புக்குறி விசையின் மேல்
என் விரல்.