வெள்ளிக்கோடு

தாண்டிக்குடியில் மழை விட்ட மூன்றாம் நாள்
கமலா ஆரஞ்சுத் தளிரில்
வெள்ளியாய் ஒரு கிறுக்கல்.
நத்தை என்றேன்.
நத்தையென்றால் தேய்த்தால் போகுமே என்றாள் அமலோற்பவம்.
தேய்த்தேன்.
கோடு இலைக்குள் இருந்தது.

கடிகாரக் கடை இருதயராஜின்
கண்ணில் இடுக்கும் லென்ஸைக் கடன் வாங்கி
வெயிலுக்கு எதிரே பிடித்தோம்.
மேல்தோலுக்கு அடியில் வளைந்து வளைந்து ஒரு சுரங்கம்,
நடுவே கறுப்பு இழை:
தின்றபடி போனதன் எச்சம்.
பாதை முடியும் இடத்தில்
இலை ஓரம் மடிந்திருந்தது, உள்ளே யாரோ
கதவைச் சாத்திக்கொண்டதுபோல்.

ஹார்லிக்ஸ் புட்டிக்குள் இலை,
வாயில் வேட்டித்துணி.
ஒன்பதாம் நாள் கண்ணாடியில்
குருணையிலும் பாதி,
வெள்ளைச் சிறகு, நுனியில் ஒற்றைக் கறுப்புப் பொட்டு.
இலைத்துளைப்பானேதான்.

மருந்து வாங்கித் தயாராக வைத்திருந்தாள்.
மறுநாள் புட்டி காலி.
துணியை அவிழ்த்தது நீதான் என்கிறாள்
இன்றுவரை.
நானும் அதையேதான் சொல்கிறேன்.