சில்லறைக்கு மிட்டாய்

வாலிநோக்கத்தில் ஏழேகாலுக்குத் தண்ணீர் வண்டி.
ஹாரனுக்கு முன்னாலேயே குடங்கள் வரிசையில் நிற்கும்,
ஆட்கள் அப்புறம்தான் வருவார்கள்.
மேற்கே உப்பளம், தெற்கே கடல்.
குடிப்பதற்கு மட்டும்
எங்கிருந்தோ மினி லாரியில் வரவேண்டும்.

போன மாதம் குடம் பன்னிரண்டு,
இந்த மாதம் பதிமூன்று.
"டீசல்மா, டீசல்" என்பார் பூமிநாதன்,
சொந்தத்தில் ஒரு சாவைச் சொல்கிற குரலில்.
மூன்று குடத்துக்கு நாற்பது கொடுத்தால்
மீதி மிட்டாயாக வரும்.
மளிகைக் கடையிலும் அப்படித்தான்,
சாயல்குடி மருந்துக் கடையிலும்.
உம்மாவுக்குச் சர்க்கரை, எனக்குச் சொத்தைப் பல்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்தேன்,
கழுத்துவரை ஏறிவிட்டது.

எம்.காம். முடித்து ஐந்து வருஷம்.
ராமநாதபுரத்தில் ஒரு நிதி நிறுவனம்
வேலை உண்டு என்றது,
சம்பளம் கமிஷன்தான் என்றது,
முதலில் சொந்தக்காரர் பத்துப் பேரிடம்
டெபாசிட் வாங்கி வா என்றது.
என் சொந்தக்காரர் பத்துப் பேரும்
அதே வரிசையில் குடத்தோடு நிற்கிறவர்கள்.

ஆன்லைன் படிவங்கள் வேறு மாதிரி.
'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று சிவப்பில் முறைக்கும்.
சீனி ஆமினா என்பது ஒரே பெயர்,
முதலும் கடைசியும் அதுதான்
என்று எந்தப் பெட்டியில் எழுதுவது?
உடைத்துப் போட்டேன்.
அன்றிலிருந்து நான் வெறும் சீனி.
'அன்புள்ள சீனி, வருந்துகிறோம்.'
கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறிய அன்றைக்கும் வந்தது,
'அன்புள்ள சீனி, வருந்துகிறோம்.'
வருந்தவேண்டியது மளிகைக் கடைக்காரர்.

நேற்று, நாளைக்கு வண்டி கிடையாது என்பதால், ஐந்து குடம்.
எங்கள் தெருவில் சிக்னல் கிடைப்பது
ரேஷன் கடைப் படியில் மட்டும்;
வண்டி நிற்பதும் அங்கேதான்.
மூன்றாவது குடம் நிரம்பும்போது
சென்னை நம்பர்.

"மிஸ் சீனி? உங்களைப் பத்திச் சொல்லுங்க."
காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்,
இடுப்பில் குடம்,
முதுகில் ஜெய்னம்பு மாமியின் முழங்கை.
சொன்னேன்.
"நெருக்கடியில எப்படி வேலை செய்வீங்க?"
"இப்ப செஞ்சுக்கிட்டிருக்கேன் மேடம்."
சிரித்தார், அல்லது காற்று.
"சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?"
பதினெட்டாயிரம் என்று மனப்பாடம் செய்திருந்தேன்.
பதினைந்து போதுமோ என்று நாக்கு தயங்கிய அந்த நேரம்
பூமிநாதன் போனுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார்:
"அறுபத்தஞ்சு!"
"சாரி, அறுபத்தைந்தா?"
அத்தோடு சிக்னல் போயிற்று.
திருப்பிக் கூப்பிட்டால்
இந்த எண்ணுக்கு அழைப்புகள் ஏற்கப்படாதாம்.

வீட்டுக்குப் போய் பாட்டிலை எடுத்துவந்தேன்.
ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று,
பதினைந்து மிட்டாய்.
எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.
"மிட்டாய் செல்லாதும்மா."
"நீங்க குடுத்தப்ப செல்லுச்சே?"
வரிசை அசையவில்லை.
மாமி முழங்கையை எடுத்துவிட்டு,
"எங்க வீட்லயும் ஒரு டப்பா கிடக்கு" என்றார்.
"இருங்க, எடுத்துட்டு வர்றேன்" என்று இன்னொரு குரல்.
பூமிநாதன் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
பதினைந்தையும் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு
ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு
இன்ஜினைக் கிளப்பினார்.
மாமிக்கு ஒரு குடம் குறைந்தது;
அந்தக் கோபம் என் மேல்தான்.

சாயங்காலம் மெயில்.
'அன்புள்ள சீனி,
தங்கள் தகுதிகள் சிறப்பானவை.
ஆனால் மாதம் அறுபத்தைந்தாயிரம் என்பது
எங்கள் வரம்புக்கு மிகவும் மேலே உள்ளது.'

இரண்டு தடவை படித்தேன்.
ஐந்து வருஷத்தில் முதல்முறையாக
விலை அதிகம் என்று
என்னை ஒருவர் வேண்டாமென்கிறார்.
பாட்டிலில் இடம் வந்திருக்கிறது.
படியில் உட்கார்ந்து பதில் எழுதினேன்:
அது தண்ணீர்க் கணக்கு மேடம்,
என்னுடையது பதினெட்டு.