மூன்று மில்லி வினாடி

வாதுமைக் கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்குமே,
அந்தப் பருப்புக்கும் கெர்னலுக்கும்
எங்கள் செக் மொழியில் ஒரே சொல்: யாத்ரோ.
பிர்னோவில், நான்காம் மாடியில்,
ரேடியேட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு
அந்தப் பருப்பின் ஒரு மூலையைப்
பதினோரு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறேன்.
சம்பளம் வேறு இடத்தில். இது இரவுக் கணக்கு.

என் மூலை சின்னது.
எல்லோரும் கைவிட்ட ஒரு சீரியல் போர்ட் சில்லுக்கு டிரைவர்,
ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் வரி.
அதில் எண்ணூற்றுப் பதினான்காம் வரி
மூன்று மில்லி வினாடி சும்மா இரு என்கிறது.
அதன் தலைமேல் யாரோ எழுதிவைத்த குறிப்பு:
"இதை எடுக்காதே. ஏனென்று தெரியவில்லை."

எடுத்தேன்.
காரணம் சொல்லத் தெரியாத வரி எனக்குக்
கதவில்லாத சுவரில் தொங்கும் பூட்டு.
மேசையிலிருந்த மூன்று பலகைகளில் ஓட்டிப் பார்த்தேன்,
மூன்றும் ஓடின.
கீழே லிபுஷே ஸ்க்ரிவனோவா என்று ஒப்பமிட்டுவிட்டு
ஒரு வரி குறைந்த நிம்மதியில் தூங்கினேன்.

டிசம்பரில் வார்தோவிலிருந்து கடிதம்.
நார்வே கிழக்கே முடிந்துபோகிற இடம் அது.
துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் கருவியை
மேய்த்துக்கொண்டிருக்கும் ராக்ன்ஹில்
வசவு ஒன்றும் எழுதவில்லை.
ஒரு வரைபடம் அனுப்பியிருந்தாள்:
ஓதம் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது,
நவம்பர் ஒன்பதிலிருந்து
மட்டக்கோடு.
கடல் வேலைநிறுத்தம் செய்ததுபோல.
"அன்றுதான் புதிய பதிப்பைப் போட்டோம்" என்று அடியில்.

வரியைத் திரும்ப வைக்க நான்கு நிமிடம் ஆனது.
அதோடு விட்டிருக்கலாம்.

குறிப்பு எழுதியவரைத் தேடினால்
இதே ஊரில் நான்காம் எண் டிராம் ஓட்டுகிறார், வோயென் குபெல்கா.
ஓப்ரானி கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட இடைவேளை,
கையில் பாதி கடித்த ரொட்டி.
"நானா எழுதினேன்?"
யோசித்தார். சிரிப்பு வந்தது அவருக்கு.
"மகள் பிறந்து நாற்பது நாள் அப்போது. தூக்கமே இல்லை.
வைத்தேன், ஓடியது, போய்ப் படுத்தேன்."
மணியடித்து டிராமை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
வரலாறு அவ்வளவுதான்.

அலைகாட்டி ஒன்றை இரவல் வாங்கினேன்.
மூன்று ஞாயிறு முழுக்கப் பார்த்தும் சில்லு உத்தமம்.
நான்காம் ஞாயிறு புகை பிடிக்க ஜன்னலைத் திறந்தவள்
என்னவோ தோன்றிப் பலகையை வெளியே பனிமேல் வைத்தேன்.
வெளியே மைனஸ் ஆறு.
அப்போதுதான் பொய் சொன்னது.
குளிரில் அந்தச் சில்லு
தயாராகும் முன்பே தயார் என்று கை தூக்குகிறது.
என் மூன்று பலகைகளும்
ரேடியேட்டர் ஓரத்தில் வளர்ந்த செல்லப் பிள்ளைகள்.
அவற்றுக்கு என்ன தெரியும்.
எனக்கும்தான்.

பிறகு ஆவணம் எழுத உட்கார்ந்தேன். பதினோரு வரி.
அதற்கு இரண்டு வாரம்.
"சில வேளை" என்பதை அடித்து
"பூஜ்யத்துக்குக் கீழே" என்று எழுதினேன்.
"பொய் சொல்கிறது" என்பதை அடித்து, திரும்ப எழுதி, அடித்தேன்.
ஒருமுறை இதை எடுத்தவள் நானே,
வார்தோவில் இருபத்தாறு நாள் கடல் பதிவாகவில்லை
என்பதையும் சேர்த்தேன்.
இரண்டு போதாமல் மூன்று ஏன் வேண்டியிருக்கிறது?
அங்கே மட்டும் குபெல்காவின் சொல்லையே விட்டுவைத்தேன்:
தெரியவில்லை.

மூன்றாம் நாள் அசுன்சியோனிலிருந்து
எவெலியோ என்றொரு பையன் திருத்தம் அனுப்பினான்.
என் பதினோரு வரியில் ஒரு எழுத்து கூடுதலாம்.
"எடுத்துவிடலாமா?" என்று கேட்டிருந்தான்.

எழுத்துப்பிழைதான். யார் பார்த்தாலும் தெரியும்.
எடு என்றுதான் சொன்னேன்,
எதற்கும் எழுந்துபோய் ஜன்னலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு.