அறுபத்தொன்று

ஓவுலுவில், மூன்று மணிக்கே இருட்டிவிடும் நவம்பரில்
எழுதியது: பைத்தானில் நானூறு வரி.
சொந்தமாக ஒரு கோடு போடத் தெரியாது
என் லைப்ரரிக்கு.
எண்களை வாங்கும், வரையத் தெரிந்த கையில் கொடுக்கும்.

மூன்று கைகள்.
ஒன்று அச்சுக்கு வரையும், மயிரிழை பிசகாது.
ஒன்று உலாவியில்; விரல் வைத்த புள்ளி வாய் திறக்கும்.
மூன்றாவது பழைய ஆள்.
கறுப்புத் திரையில் நட்சத்திரக் குறிகளை அடுக்கிவிட்டு
இதுதான் மலை என்று சாதிக்கும்.
ஒரே ஒரு சொல்லை மாற்றினால் கை மாறிவிடும்.
"கை மாறினாலும் கணக்கு மாறாது"
முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்,
கொஞ்சம் தலைக்கனம்தான்.

பிப்ரவரியில் இனாரி ஏரிக்கரையிலிருந்து
வெய்யோ என்றொருவர்:
"தினமும் துளையிட்டுப் பனியின் தடிமனை அளக்கிறேன்.
உங்கள் மூன்று கைகளும்
மூன்று ஏரிகளை வரைகின்றன, ஹில்ப்பா."

ஜனவரியில் பதினொரு நாள் எண்ணே இல்லை.
அச்சுக்காரன் நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு
நேராகக் கோடிழுத்து நல்லபிள்ளையாக நின்றான்.
உலாவி வெள்ளையாக விட்டிருந்தது.
பழைய ஆள் பூஜ்யம் வைத்திருந்தார்:
நடுக்குளிரில் பதினொரு நாள்
ஏரி கரைந்து அலையடித்துக் கிடந்தது.

துளைக்கருவி பழுதா என்று கேட்டேன்.
எதையாவது கேட்க வேண்டுமே.

"கருவிக்கு ஒன்றுமில்லை.
சிர்க்காவை ரொவானியெமி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.
அவள் அங்கேதான் இருக்கிறாள்.
நான் இல்லாதபோதும் ஏரி உறைந்திருக்கும், தெரியும்.
ஆனால் நான் பார்க்கவில்லை.
பார்த்ததுபோல் வரையாதீர்கள்."

ஏழு வரிதான் சேர்த்தேன்.
ஏழுக்கும் மூன்று இரவு.
அச்சுக்காரன் உடனே கேட்டுக்கொண்டான்.
பழைய ஆளுக்குத்தான்
வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு என்று
மறுபடி மறுபடி சொல்லவேண்டியிருந்தது.
முதல் பக்கத்து வாக்கியத்தை அழித்தேன்.
புதுப் பதிப்பு, கீழே ஒரு குறிப்பு:
இல்லாத எண் இனி இல்லாமலே இருக்கும்.

மார்ச்சில் இன்னொரு கடிதம்.
"நன்றி. இந்த மாதம் பெரும்பாலும் ரொவானியெமியில்தான்.
நடுவில் ஒருநாள் சட்டை எடுக்க வீட்டுக்கு வந்தேன்,
வந்த கையோடு அளந்தேன்: அறுபத்தொன்று.
அது எங்கே?"

தேடினேன். கோப்பில் இருக்கிறது.
படத்தில் இல்லை. மூன்றிலும் இல்லை.
முன்னும் பின்னும் யாருமற்ற ஓர் எண்;
கோட்டுக்கோ
குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும்.

காப்பி ஆறுகிறது.
தனியாக நிற்கும் எண்ணுக்கு
ஒரு பொட்டாவது வைக்கச் சொல்லி
மூன்று கைகளிடமும்
இன்று மன்றாட உட்காருகிறேன்.