ஏட்டுக்கு மழை ஆகாது

பங்குனியில் பிறந்த நாய்.
ரேஷன் கடைக்குப் பின்னால்
சாக்குக் குவியலில் கத்திக்கொண்டிருந்ததைப்
பஞ்சவர்ணம் முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள்.
காக்கி நிறம். தோளில் மூன்று வெள்ளைக் கோடு.
வேறென்ன பெயர் வைப்பது?

புரட்டாசி வரை ஒழுக்கமான ஏட்டு.
காலை ஐந்தரை, மதியம் இரண்டு,
இரவு செய்தி முடிந்ததும் பின்கதவைப் பிறாண்டும்.
கருவேலஞ்செடி ஓரம் போய்விட்டு வரும்.
பள்ளத்தூர் வானம் அதுவரை
அதற்கு வெயிலை மட்டுமே காட்டியிருந்தது.

ஐப்பசி இரண்டாம் தேதி
மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.
யார் அடித்தது என்று
என்னைத் திரும்பிப் பார்த்தது.
அவ்வளவுதான்.
தூக்கிக்கொண்டுபோய் விட்டாலும்
மூன்று காலில் நின்று நடுங்கி,
ஒன்றும் செய்யாமல் உள்ளே ஓடிவந்து,
ஆத்தங்குடிக் கல்லில்
சிவப்புப் பூவின் நட்டநடுவில்
நிதானமாக இருந்துவிடும்.

பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம்.
வீட்டுக்காரர் தேனப்பன் பினாங்கில்.
பாதி வாடகை. மீதிக்கு
விளக்கேற்றுவதும் ஒட்டடை அடிப்பதும்.
கேமராவில் பார்த்துவிட்டுக் கேட்டார்:
“என்னப்பா, வளவுல மஞ்சளா ஏதோ மினுங்குது?”
“மழைத்தண்ணிங்கய்யா.”

முழுப்பொய் இல்லை.
முற்றம் வானத்துக்குத் திறந்து கிடக்கிறது.
நாலு பக்க ஓடும் அதற்குள்தான் கொட்டுகிறது.
அண்டாவில் விழும் சத்தத்தைப் பார்த்து
ஏட்டு குரைக்கும்.
பிறகு என்னைப் பார்க்கும்.
வீட்டுக்குள்ளேயே மழை பெய்கிற ஊரில்
வெளியே என்பது எது என்று
ஒரு நாய்க்கு எந்த வாயால் சொல்வது?

அடிக்காதே என்றாள் பஞ்சவர்ணம்.
அடித்தால் நிறுத்தாது,
உனக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் போகும்.
வினிகர் ஊற்றிக் கல்லைக் கழுவினாள்.
துடைத்த பழந்துணியை மட்டும் கழுவாமல்
பின்வாசல் தகரச் சாய்ப்பின் கீழ்
செங்கல் வைத்து விரித்தாள்,
முகவரி மாறிவிட்டது என்று சொல்வதுபோல்.
காலண்டர் தாளில்
உள்ளே என்றால் சுழி, வெளியே என்றால் டிக்.
கார்த்திகை பிறக்கும்வரை
சுழிகள், சுழிகள்.

எனக்குக் கோபம் வேறு மாதிரி.
நான் மின்வாரியத்தில் வயர்மேன்.
மேகம் கறுத்தால் முதல் போன் எனக்குத்தான்.
எனக்கும் ஈரம் பிடிக்காது.
பதினெட்டு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குக் காரைக்குடி சாலையில் மரம் சாய்ந்து
கம்பி அறுந்து ஊரே இருட்டு.
இரவு ஒன்றரைக்கு வேறு டார்ச் எடுக்க வீட்டுக்கு வந்தேன்.
இருட்டில் ஏட்டு
நகம் தட்ட, முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது.
அந்த நடை எனக்குத் தெரியும்.
மின்கம்பத்தின் உச்சியில் நானும் மனசுக்குள் நடந்திருக்கிறேன்.

கதவைத் திறந்து நின்றேன். கூப்பிடவில்லை.
என் மழைக்கோட்டுக்குள் தலையை நுழைத்தது.
பிறகு உடம்பை.
கடைசியாக, மனசில்லாமல், வாலை.
இரண்டு காலுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு
நிறைமாதக்காரிபோல் அடிமேல் அடி வைத்துச்
சாய்ப்பைத் தாண்டிக் கருவேலம் வரை போனேன்.
அசையாமல் கம்பமாக நின்றேன்.

போன் அடித்தது. மேலத்தெருவிலிருந்து யாரோ.
“சார், எப்ப சார் வரும்?”
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
“வர்ற மாதிரிதான் இருக்கு.
அவசரப்படுத்தாதீங்க.”

பூட்ஸில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

சட்டைப்பையில் ஓர் அவித்த முட்டை இருந்தது.
பாதி அதற்கு. பாதி எனக்கு.

காலையில் வெயில்.
பஞ்சவர்ணம் பேனாவை வைத்துக்கொண்டு
காலண்டர் முன்னால் இன்னும் யோசிக்கிறாள்,
பூட்ஸ் என்பது உள்ளேயா வெளியேயா என்று.
ஏட்டு முற்றத்தில் தேங்கிய மழையை
நக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறது.