ஒன்பது எண்ணும்வரை

சரயேவோவின் செங்குத்துத் தெரு முடியும் இடத்தில்
சிவப்பு விளக்கு. முன்னால் டிராம் கடக்கிறது.
முப்பத்தைந்து வயது கோல்ஃபில்
செனிதாவின் காலுக்கடியில்
பிரேக் மிதி மெல்ல இறங்குகிறது,
பேருந்தில் தூங்குபவரின் தலை மாதிரி.

விட்டு மறுபடி மிதித்தால்
ஒன்றுமே நடக்காததுபோல் விறைத்து நிற்கும்.

காற்று புகுந்திருக்கும் என்றான் கொழுந்தன் ஜெவாத்.
இரண்டு முறை காற்றெடுத்தாயிற்று.
காற்றென்றால் பஞ்சாய் அமுங்கும்.
இது அமுங்கவில்லை, நழுவுகிறது.

அட்டைப் பெட்டியைக் கிழித்து
இரவு முழுக்க வண்டிக்கடியில் விரித்தாள்.
காலையில் அதில் பூனையின் பாதத்தடம் மட்டும்.
நான்கு சக்கரத்தின் உட்புறமும் உலர்ந்திருந்தது.
மேல்கோட்டிலேயே நின்றது பிரேக் ஆயில்.

ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக்
கிளாம்ப் வைத்து நெரித்தாள்.
நான்கையும் அடைத்த பிறகும்
ஒன்று, இரண்டு, மூன்று…
ஒன்பதில் மிதி தரையைத் தொட்டது.

அப்போதுதான் சிரித்தாள்.
சொட்டுக்கூட வெளியே போகவில்லை.
மாஸ்டர் சிலிண்டருக்குள்
விரல்மோதிரம் அளவு ரப்பர் தளர்ந்து
முன்னால் தள்ளியதெல்லாம்
பின்னாலேயே திரும்பி வந்திருக்கிறது.

விற்றுத் தொலையுங்கள் அண்ணி என்றான் ஜெவாத்.
உதிரிபாகக் கடைக்கு
அவள் நடந்தே கிளம்பினாள்.
வழியெல்லாம் இறக்கம்.